வளைவுக்கு ஒரு மூச்சு

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். சிங்காரத்தின் மடியில் ஒரு வெற்றிலைப் பொட்டலத்தையும் பல் உடைந்த சீப்பையும் தவிர வேறு ஒன்றும் இருந்ததில்லை. அப்படியும் ஒரு புரட்டாசிக் காலையில், வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்த நல்ல பொழுதில், வழியில் அவனுக்குப் பயம் வந்தது.

அவன் ஓட்டியது கலசப்பாக்கத்தில் ஆறரைக்குப் புறப்பட்டுப் போளூரைத் தொட்டு, மலையேறி, ஜமுனாமரத்தூரில் போய் நிற்கிற தனியார் பஸ். எமர்ஜென்சி முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த வண்டி மலைக்குப் போக ஆரம்பித்து மூன்று வருஷம். மூன்று வருஷமும் சிங்காரம்தான் டிரைவர். வளைவுகள் எத்தனை என்பதில் மட்டும் அவனுக்கும் கண்டக்டர் அருணகிரிக்கும் ஒத்துப்போகாது. இவன் கணக்கில் பதினொன்று. அருணகிரி கணக்கில் ஒன்பது. மீதி இரண்டும் வெறும் கோணல் என்பான். எப்படியோ, சிங்காரத்தின் கணக்குப்படி ஐந்தாவது வளைவில் அது நடந்தது.

நடந்தது என்று சொல்ல ஒன்றுமே நடக்கவில்லை. எதிரே லாரி வரவில்லை. குறுக்கே மாடு வரவில்லை. பிரேக்கும் நன்றாகத்தான் பிடித்தது. ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும்போது பள்ளம் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். தினமும் படுகிற பள்ளம். அன்றைக்கு அவனுடைய உள்ளங்கை இரண்டும் சில்லிட்டுப் போயின. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. காது அடைத்தது. சாகப்போகிறோம் என்று தெளிவாகத் தெரிந்தது. முப்பத்தெட்டு டிக்கெட்டையும் கூட அழைத்துக்கொண்டு போகப்போகிறோம் என்பது அதைவிடத் தெளிவாகத் தெரிந்தது. வண்டி எப்படியோ திரும்பி மேலே போய்விட்டது. வீட்டுக்கு வழி தெரிந்த மாடு மாதிரி அதுவாகத்தான் போனது, தான் ஓட்டவில்லை என்று பிற்பாடு அவனே சொன்னான்.

"இன்னாண்ணா, இப்டி வேர்த்து ஊத்துது?" என்று அருணகிரி கேட்டான்.

"நாஷ்டா சேரல," என்றான் சிங்காரம்.

அன்றிலிருந்து அவனுக்குத் தினமும் நாஷ்டா சேரவில்லை.

வெளியே சொல்லவும் வழியில்லை. முதலாளி கோபால்சாமி லேசுப்பட்ட ஆள் அல்ல. அவரிடம் முன்பு வேலை செய்த டிரைவர் ஒருவர் ஒருநாள் புதிதாக மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். "கண்ணு தெரியாதவன் கையில என் வண்டியா?" என்று அப்போதே சாவியை வாங்கிக்கொண்டு, அந்த மனிதரை ஷெட்டில் சக்கரம் கழுவ விட்டார் முதலாளி. கண்ணுக்கே அந்தக் கதி என்றால் பயத்துக்கு என்ன கதி? சிங்காரம் எட்டு வருஷம் கிளீனராக இருந்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து கிரீஸ் பூசி, அதற்கப்புறம் கைக்கு வந்த சாவி அது. அது போனால் மறுபடியும் வண்டிக்கு அடியில்தான் போய்ப் படுக்க வேண்டும். பள்ளத்தைப் பார்த்து வந்த பயம் ஒரு பங்கு என்றால், சாவியை நினைத்து வந்த பயம் இரண்டு பங்கு.

கடைசியில் கலசப்பாக்கத்தில் ஒரு டாக்டரிடம் போனான். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், முதுகில் தட்டிப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார். "உனக்கு ஒண்ணும் இல்லப்பா," என்றார்.

ஒன்றும் இல்லை என்று கேட்டதும் சிங்காரத்துக்குக் கோபம்தான் வந்தது. ஒன்றும் இல்லாமலா மனுஷன் ஐந்தாவது வளைவில் தினமும் செத்துப் பிழைக்கிறான்?

"மாத்திரை எதனா குடுங்க சார்."

"மாத்திரை குடுத்தா தூக்கம் வரும். தூங்கிக்கிட்டா மலை ஏத்துவ? மூச்சை ஆழமா விடப் பழகு. மூக்கால நாலு எண்ணி இழு. நெஞ்சு தூக்கக் கூடாது, வயிறு உப்பணும். அப்புறம் வாயால ஆறு எண்ணி மெதுவா விடு, சூடான டீயை ஊதுற மாதிரி. பயம் வந்தா மூச்சு ஓட்டமா ஓடும். நீ மூச்சை நடக்க வெச்சா பயமும் கூடவே நடந்துதான் வரணும்."

ஊரிலிருக்கிற காற்றையே மருந்தென்று எழுதிக் கொடுக்கிறாரே இந்த மனுஷர் என்று முனகிக்கொண்டு வந்தான். ஆனாலும் வந்த அன்றைக்கே வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து ஊதிப் பார்த்தான். மனைவி வசந்தி அரிசி களைந்துகொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா இது, கொல்லம்பட்டறைத் துருத்தி நம்ம வூட்டுக்கு வந்துட்சா?"

"போடி. வைத்தியம் இது."

அவள் சிரித்தாள். ஆனால் அவன் நெற்றி நரம்பு அடங்கிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, சத்தம் செய்யாமல் பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வைத்தியம் வேலை செய்தது. அதை ஒப்புக்கொள்ள அவனுக்கு ஒரு வாரம் பிடித்தது. வளைவுக்கு இருபது கஜம் முன்பாகவே மனசுக்குள் எண்ணிக்கொண்டு இழுப்பான். திரும்பும்போது ஆறு எண்ணி விடுவான். வண்டி இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு உதட்டைக் குவித்து நன்றாகவே விடுவான். 'ஹூ…' என்று அது நீளமாகப் போகும். பயம் வரத்தான் செய்தது, வராமல் இல்லை. ஆனால் டாக்டர் சொன்ன மாதிரி, மேலே விழுந்து பிடுங்காமல், பக்கத்தில் உட்கார்ந்து டிக்கெட் எடுத்த ஆள் போல வந்தது.

யாருக்கும் கேட்காது என்று அவன் நினைத்தது பாஞ்சாலைக்குக் கேட்டுவிட்டது.

பாஞ்சாலை மலைக்காரி. ஐம்பது வயது இருக்கும். புளியும் கடுக்காயும் கொண்டுபோய்க் கீழே போளூர்ச் சந்தையில் போட்டுவிட்டு, மறுநாள் காலை வண்டியில் மேலே திரும்புகிறவள். எப்போதும் இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில், டிரைவருக்குக் கை எட்டுகிற தூரத்தில்தான் உட்காருவாள். வேறு இடத்தில் உட்கார்ந்தால் வண்டி எங்கே போகிறதென்று தெரியாதாம்.

மலைச்சனங்களுக்கு இந்த வண்டியைப் பற்றி ஆரம்பத்திலிருந்தே ஒரு மனக்குறை இருந்தது. பழைய நடைபாதையில் திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு கல் நட்டிருக்கும். ஏறுகிறவர் யாராக இருந்தாலும் பச்சைத்தழை ஒரு கொத்து ஒடித்து அந்தக் கல்லின் மேல் போட்டுவிட்டுத்தான் தாண்டுவார்கள். போடாமல் யாரும் தாண்டியதில்லை. தார் ரோடு வந்தபோது கல்லெல்லாம் காட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. வண்டி வந்தபோது தழை ஒடிக்கவும் நேரமில்லாமல் போய்விட்டது. முதல் மாதத்தில் சிலர் ஊரிலிருந்தே தழை கொண்டுவந்து ஜன்னல் வழியாக வீசிப் பார்த்தார்கள். காற்றில் அது பின்சீட்டுக்காரர் முகத்தில் அடிக்கவும், அருணகிரி "குப்பை போடாதீங்க!" என்று விசில் ஊதி நிறுத்திவிட்டான். அதிலிருந்து மலைக்கு ஒன்றும் கொடுக்காமலே மேலே போகிறோமே என்று அவர்களுக்கு உள்ளுக்குள் ஒரு உறுத்தல்.

பாஞ்சாலை இரண்டு சந்தை பார்த்தாள். மூன்றாவது சந்தை முடிந்து திரும்பும்போது, நாலாவது வளைவு தாண்டியதும் கேட்டேவிட்டாள்.

"தம்பி, திருப்பத்துக்குத் திருப்பம் மூச்சு வுடுறியே, மலைக்கா?"

சிங்காரத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இன்னாம்மா?"

"தழைக்குப் பதிலாவான்னு கேக்குறேன்."

அருணகிரி பக்கத்திலேயே நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். இல்லை என்று சொன்னால் பின்னே எதற்கு என்று கேட்பாள். அதற்குப் பதில் சொன்னால் அது சாயந்திரத்துக்குள் ஷெட்டுக்குப் போய்விடும். சிங்காரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "ஆமாங்கம்மா," என்றான்.

ஒரு சொல்தான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு ஆகிற கதை எல்லோருக்கும் தெரியும். இங்கே குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக ஆனதுதான் வேடிக்கை.

அடுத்த வளைவில் அவன் மூச்சை விட்டபோது பக்கத்திலிருந்து இன்னொரு மூச்சு கேட்டது. பாஞ்சாலை கண்ணை மூடிக்கொண்டு, கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, உதட்டைக் குவித்து விட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் அவளுக்குப் பின்னால் நாலு பேர். அதற்கடுத்த வாரம் பாதி வண்டி. ஐப்பசி பிறந்து மலையில் மேகம் இறங்கியபோது மொத்த வண்டியும் மூச்சு விட ஆரம்பித்துவிட்டது.

அந்த ஐப்பசியைச் சிங்காரம் பின்னாளில் நினைத்துப் பார்த்தால், அது நிஜமாக நடந்ததா, அவன் ஸ்டியரிங்கில் கண்ட கனவா என்று அவனுக்கே சந்தேகமாக இருக்கும். அடிவாரம் தாண்டியதும் ரோடு வெள்ளைக்குள் நுழையும். மரங்கள் ஒவ்வொன்றாக எதிரே வந்து, தன்னைக் காட்டிக்கொண்டு, போய்விடும். எங்கிருந்தோ ஈர மண்ணும் காட்டு எலுமிச்சையும் கலந்த வாசனை வரும். வண்டிக்குள் பேச்சு தானாகக் குறையும். வளைவு வருவதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. இன்ஜின் குரல் இறங்குவதை வைத்தே தெரிந்துகொள்வார்கள். அவன் இழுப்பான். அவனுக்குப் பின்னால் ஐம்பது பேர் இழுப்பார்கள். வண்டிக்குள் இருக்கிற காற்றெல்லாம் ஒரு நொடி எங்கோ போய்விட்டது போல இருக்கும். பிறகு ஆறு எண்ணும் நேரத்துக்கு அது மெதுவாகத் திரும்பி வரும். கோழிகள்கூடக் கூடைக்குள் தலையை இழுத்துக்கொள்ளும். மடியில் தூங்குகிற குழந்தைகளின் வயிறும் அதே கணக்கில் ஏறி இறங்குவதைக் கண்ணாடியில் பார்த்தான். ஒருநாள் ஏழாவது வளைவில், எதிரே மேகத்துக்குள் நின்ற மலையே நாலு எண்ணி உப்பி ஆறு எண்ணி அடங்கியதாக அவனுக்குத் தோன்றியது. சக்கரம் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும்போல இருந்தது. அவ்வளவு சுகமாக அவன் வாழ்க்கையில் எதையும் ஓட்டியதில்லை.

சுகம் வண்டியோடு சரி. இறங்கி நின்றால் வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஏனென்றால் சனங்கள் சும்மா இருக்கவில்லை. ஒருவர் பாட்டிலில் தேன் கொண்டுவந்து கொடுத்தார். ஒருத்தி புதுச் சாமையரிசி ஒரு படி துணியில் முடிந்து கொடுத்தாள். ஒரு கிழவர் இறங்கும்போது சீட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். மத்தியானம் வருகிற இன்னொரு கம்பெனி வண்டியை விட்டுவிட்டு, "மூச்சு வண்டிலதான் போவோம்" என்று குழந்தை குட்டியோடு காத்திருக்க ஆரம்பித்தார்கள். தேனை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தான். வசந்தி இட்லிக்குத் தொட்டுக் கொடுத்தாள். தொண்டையில் இறங்கவில்லை. அவர்கள் மலைக்குக் கொடுப்பதாக நினைத்துக் கொடுக்கிறார்கள். இவன் தன் பயத்தை மறைத்துக்கொள்ள வாங்கிக்கொள்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை அதற்கு முன் அவன் செய்ததில்லை. அதற்கும் சேர்த்து ராத்திரியில் நாலு எண்ணி இழுக்க வேண்டியிருந்தது.

விஷயம் முதலாளி காதுக்குப் போகக் கார்த்திகை ஆகிவிட்டது. யாரோ போய், "உங்க டிரைவரு வண்டியில பூஜை நடத்துறாரு, காணிக்கை வாங்குறாரு" என்று ஊதிவிட்டிருக்கிறார்கள். சந்தைக்கு மறுநாள் காலையில் கோபால்சாமி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் மடிப்புக் கலையாத வெள்ளைத் துண்டோடு வந்து நின்றார்.

"நானும் வர்றேன்," என்றார். "என் வண்டியில இன்னா நடக்குதுன்னு நானே பாக்குறேன்."

மூன்று வருஷமாக வண்டி விடுகிறாரே தவிர, அவர் அந்த வண்டியில் மலைக்கு வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. இன்ஜின் பெட்டிக்கு அந்தப் பக்கம், முன்கண்ணாடிக்கு நேராக இருந்த ஒற்றை சீட்டில் உட்கார்ந்துகொண்டார். பாஞ்சாலை வழக்கமான இடத்தில். போளூர் தாண்டி அடிவாரம் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். எழுந்து நின்று சனங்களைப் பார்த்தார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இது பஸ்ஸு, கோயில் இல்ல. இன்னையிலேர்ந்து வண்டிக்குள்ள எவனும் மூச்சு வுடக் கூடாது!"

பின்சீட்டில் ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். முதலாளிக்கும் தான் சொன்னது காதில் விழுந்திருக்க வேண்டும். "அதான், அந்த மாதிரி மூச்சு," என்று திருத்திவிட்டு உட்கார்ந்தார். "நீயும்தான், சிங்காரம். உன் வாயைப் பாத்துக்கிட்டே வருவேன். ஒரு சத்தம் வந்தா ஜமுனாமரத்தூர்ல சாவியைக் குடுத்துட்டு எறங்கிக்க."

மழை விட்டு மேகம் பிடித்திருந்தது. முதல் வளைவு. வாயை இறுக்கி மூடிக்கொண்டான். மூக்கால் இழுத்தான்; விட வழியில்லாமல் அது நெஞ்சிலேயே நின்றது. இரண்டாவது வளைவு. சனங்கள் கீழே குனிந்துகொண்டு கம்மென்று இருந்தார்கள். அந்த நிசப்தம் அவன் முதுகில் கையை வைத்துத் தள்ளியது. மூன்றாவதில் உள்ளங்கை சில்லிட்டது. நாலாவதில் காது அடைத்தது. பக்கத்தில் முதலாளியின் இரண்டு கண்ணும் தன் உதட்டின் மேலேயே இருப்பதை அவன் திரும்பிப் பார்க்காமலே உணர்ந்தான்.

ஐந்தாவது வளைவில் ரோடு முழுக்க மேகத்துக்குள் போய்விட்டது. பள்ளம் எங்கே, பாறை எங்கே என்று தெரியவில்லை. பழைய பயம், பக்கத்தில் உட்கார்ந்து வந்த அந்த ஆள், எழுந்து அவன் கழுத்தைப் பிடித்தது. கை ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது. கால் மட்டும் பிரேக்கை மிதித்தது. வண்டி வளைவின் நடுவே, பாதி திரும்பிய நிலையில், நின்றுவிட்டது. அருணகிரி கீழே குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தான்.

"ஏன்டா நின்னுட்ட?" என்றார் முதலாளி. அவர் குரல் கொஞ்சம் மெல்லிசாக இருந்தது. கம்பியைப் பிடித்திருந்த கை வெளுத்திருந்தது.

சிங்காரத்துக்கு இனி மறைக்கத் தெம்பில்லை. சாவி போகட்டும், எல்லாம் போகட்டும் என்று ஆகிவிட்டது. முன்னால் இருந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே பேசினான். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

"எனக்குப் பயம், மொதலாளி. புரட்டாசியிலேர்ந்து பயம். வளைவு வந்தா கை வெறச்சிப் பூடுது. டாக்டரு மூச்சு வுடச் சொன்னாரு, வுட்டேன். இது பூஜையும் இல்ல, ஒண்ணும் இல்ல." பிறகு பாஞ்சாலையின் பக்கம் தலையைத் திருப்பினான். "நீ கேட்டப்போ தழைக்குப் பதிலுன்னு பொய் சொல்லிட்டேம்மா. மலைக்கு இல்ல. எனக்குத்தான் வுட்டேன். என் பயத்துக்கு."

வெளியே இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சாவியக் குடு," என்றார் முதலாளி. "பயந்தாங்கொள்ளிய மலைக்கு அனுப்பிட்டு நான் கீழ தூங்கினு இருந்திருக்கேன். குடுடா சாவிய. எறங்கு."

சிங்காரம் சாவியின் மேல் கையை வைத்தான்.

"குடுத்துட்டு?" என்றாள் பாஞ்சாலை.

முதலாளி அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"குடுத்துட்டு யாரு ஓட்டறது? நீங்க ஓட்டறீங்களா?" அவள் எழுந்திருக்கவில்லை; குரலையும் உயர்த்தவில்லை. "அந்தத் தம்பி இன்னாமோ பெருசாப் பொய் சொல்லிட்டாப்புல அழுவுது. ஏன் தம்பி, நாங்க தழை எதுக்குப் போடறோம்னு நெனச்ச? மலைக்கு எல இல்லாமயா? காடு பூரா எலதான் அதுக்கு. பயம், அதான் போடறோம். எங்காத்தாளுக்கும் பயம், எனக்கும் பயம். பயத்தை ஒரு கொத்து ஒடிச்சி அங்கயே வெச்சிட்டு மேல போறது. நீ மூச்சா வெச்ச. எல்லாம் ஒண்ணுதான்."

அப்புறம் முதலாளியைப் பார்த்துச் சொன்னாள். "பயப்படாத டிரைவரு யார்னா இருந்தா இட்டுனு வாங்க. ஆனா அவன் ஓட்டற வண்டியில நா ஏற மாட்டேன். இப்பயே எறங்கி நடந்து பூடுறேன்."

அவளுக்குப் பின்னால் ஒரு முனகல் எழுந்தது. யாரும் வீராப்பாக எழுந்து நிற்கவில்லை, கோஷம் போடவில்லை. ஆனால் இரண்டு மூன்று பேர் மூட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

சிங்காரத்தின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மூன்று மாதமாக அவன் தனியாகச் சுமந்ததை இந்தச் சனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கையில் பிடித்துக்கொண்டு மலையேறியிருக்கிறார்கள். அவனுக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைத்தானே, எவ்வளவு பெரிய மடையன்! வாயைத் திறந்தான். மூச்சை இழுத்தான். வயிறு உப்பியது. ஆறு எண்ணி, சத்தமாக, முதலாளி காதில் விழுகிற மாதிரி, விட்டான். ஸ்டியரிங்கிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. முதலாளி வாயைத் திறந்தார், ஜன்னல் பக்கம் பார்த்தார், அங்கே வெறும் வெள்ளையாக இருந்தது, திரும்பிக்கொண்டார்.

அருணகிரி கல்லை எடுத்துவிட்டுப் படியில் ஏறி, வெளியே தலையை நீட்டி ரோட்டின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு, "போலாம் ரைட்டு!" என்று குரல் கொடுத்தான். முதல் கியர். வண்டி முனகிக்கொண்டு நகர்ந்தது. பின்னால் ஐம்பது பேரும் இழுத்தார்கள், விட்டார்கள். முன் எப்போதும் இல்லாத அளவுக்கு நீளமாக விட்டார்கள். அடக்கி வைத்திருந்த நாலு வளைவு மூச்சும் அதில் சேர்ந்து வந்தது. கார்த்திகைக் குளிரில் அத்தனை மூச்சும் போய் முன்கண்ணாடியில் படிந்தது. மேகம் வெளியே பாதி, உள்ளே பாதி. சிங்காரத்துக்கு எதிரே பால் ஊற்றினாற்போல ஆகிவிட்டது.

வைப்பர் வெளிப்பக்கம்தான் ஓடும். அருணகிரியோ படியில் தொங்கிக்கொண்டு ஓரம் சொல்லிக்கொண்டிருந்தான். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியாது.

"மொதலாளி," என்றான் சிங்காரம். எட்டு வருஷமும் மூன்று வருஷமும் சேர்ந்து பதினோரு வருஷத்தில் அவன் அவரிடம் வேலை சொன்னது அதுதான் முதல் தடவை. "கண்ணாடியத் தொடைங்க."

கோபால்சாமி தடுமாறி எழுந்தார். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தோளிலிருந்த வெள்ளைத் துண்டை உருவி, சிங்காரத்தின் முகத்துக்கு நேரே கண்ணாடியைத் துடைத்தார். ஒரு சாண் அளவுக்கு ரோடு தெரிந்தது. கறுப்பாக, ஈரமாக, பாறையை ஒட்டி வளைந்துகொண்டு போனது. சிங்காரம் அதைப் பிடித்துக்கொண்டு திருப்பினான்.

ஆறாவது வளைவு. மறுபடியும் மங்கியது. மறுபடியும் துடைத்தார். துண்டில் மூன்று வருஷத்துத் தூசி எல்லாம் ஏறியது. ஏழாவது வளைவில் அவர் உட்காரப் பார்த்து, உட்காராமலே நின்றார். எட்டாவது வந்தபோது சிங்காரத்துக்குப் பக்கத்தில் ஒரு புது மூச்சு கேட்டது. பழக்கமில்லாத மூச்சு, இழுக்கத் தெரியாமல் நெஞ்சைத் தூக்கி இழுத்து, விடும்போது நடுவில் உடைந்தது. அது துடைத்த இடத்திலேயே போய்ப் பட்டு, தெரிந்துகொண்டிருந்த ரோட்டை மறைத்தது. முதலாளி அவசரமாக அதைத் துடைத்தார்.

"வயித்தால இழுங்க," என்றாள் பாஞ்சாலை, கண்ணை மூடியபடியே.

ஒன்பதாவது வளைவு வருவதற்கு முன்பே, இன்ஜின் குரல் இறங்கும்போதே, அவர் அழுக்கான துண்டைச் சுத்தமான பக்கம் மடித்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டு, எல்லோரோடும் சேர்ந்து இழுத்தார்.